ஆழம் கண்ட ஊரும் உயரத்துச் சாலையும்

மண்ணுக்கு அடியில் மனிதன் எவ்வளவு தூரம் இறங்க இயலும் என்பதை நூற்றிருபது ஆண்டுகள் சோதித்துப் பார்த்த ஊர் கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே தொழிலைத் தொடங்கினர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பகுதிகளிலிருந்து சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாறைக்குள் இறங்கி ஏறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர், அதாவது 10,500 அடி ஆழத்தில் இருந்தது. தங்கவயலின் தரைமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 2,900 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அடித்தளத்தில் நின்ற தொழிலாளி, கடல்மட்டத்துக்குக் கீழே ஏழாயிரத்து அறுநூறு அடியில் நின்றார்.

இமயமலைச் சாலைப் பயணத்தைப் பற்றிய கட்டுரையைத் தங்கவயலில் தொடங்குவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அந்த 10,500 அடியை அப்படியே மேல்நோக்கித் திருப்பிக் கடல்மட்டத்திலிருந்து அளந்தால், மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் கீலாங்கைக் கடந்து ஜிஸ்பா என்ற சிற்றூருக்கு வந்துவிடுவோம். அந்த ஊரை ஒட்டிய உயரத்திலிருந்துதான் மனித உடலுக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. ஆழத்தை ஆளும் விதியும் உயரத்தை ஆளும் விதியும் ஒன்றே. அதைத் தன் தந்தையரும் பாட்டன்மாரும் சொல்லக் கேட்டு வளர்ந்த ஊரார், இமயத்து விதியை மற்றவரைவிட எளிதில் புரிந்துகொள்வர்.

இதை இப்போது எழுதுவதற்கும் காரணம் உண்டு. நம் அன்பர்களில் இமயத்துக்குச் செல்வோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். முன்பு ரிஷிகேசத்தோடும் பத்ரிநாத்தோடும் திரும்பியவர்கள் இன்று லடாக் வரை செல்கின்றனர். இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர்; ஓய்வு பெற்ற தம்பதியர் வாடகை வண்டியில் செல்கின்றனர். செல்வோர் எல்லோரும் நல்ல எண்ணத்தோடு செல்கின்றனர். ஆனால் நல்ல எண்ணம் காற்றின் அழுத்தத்தை மாற்றிவிடாது.

காற்றின் எடை

நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதற்கும் எடை உண்டு. அந்த எடையே கீழேயுள்ள காற்றை அழுத்தி அடர்த்தியாக்குகிறது. மேலே ஏறுந்தோறும் நமக்கு மேலுள்ள காற்றின் அளவு குறைவதால், மூச்சில் உட்செல்லும் காற்று நெகிழ்ந்து போகிறது. உயரத்தில் பிராணவாயுவின் விகிதம் குறைந்துவிடுகிறது என்று பலர் கருதுகின்றனர். விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 சதவீதமே. குறைவது அழுத்தம். லே நகரில் (11,500 அடி) அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. தங்லங் லா கணவாயில் (17,480 அடி) பாதிக்குச் சற்றே மேல். கடற்கரையில் இரண்டு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவுக்கு அங்கே கிட்டத்தட்ட நான்கு மூச்சு வேண்டும்.

சுரங்கத்தில் இதுவே தலைகீழாக நடந்தது. அடித்தளத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால் பங்குக்கும் மேல் அதிகம். மூச்சுக்குப் பஞ்சமில்லை, வெப்பமே பகை. மேலிருந்து சுரங்கவாயில் வழியே இறங்கும் காற்று, தன் எடையாலேயே அழுத்தப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும். அடியில் பாறையின் வெப்பமோ 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. குளிரூட்டிய காற்றைச் செலுத்தித்தான் அங்கே மனிதர் வேலை செய்ய முடிந்தது. மலையில் ஏறும்போது காற்று விரிந்து குளிர்வதும், சுரங்கத்தில் இறங்கும்போது காற்று சுருங்கிச் சூடேறுவதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சாம்பியன் ரீஃபின் அடித்தளத்துக்கு ஒரே கூண்டில் இறங்கிவிட முடியாது. முதற்கூண்டில் ஒரு மட்டம் வரை இறங்க வேண்டும், அங்கிருந்து கிடையாக நடந்து அடுத்த கூண்டில் ஏற வேண்டும், பின்னும் ஒன்று. எவ்வளவு அவசரமானாலும் படிகளைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. சுரங்கத்தில் இந்தக் கட்டுப்பாட்டை இயந்திரமே விதித்தது. மலைச்சாலையில் அதை விதிப்பார் ஒருவருமில்லை. வண்டி எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும். நாமே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மணாலியிலிருந்து லே வரை

இனிச் சாலையைப் பார்ப்போம். மணாலி ஏறத்தாழ 6,700 அடி உயரத்தில் பியாஸ் நதிக்கரையில் உள்ளது. பல பத்தாண்டுகளாக லே செல்லும் வண்டிகள் அங்கிருந்து 13,050 அடி உயரமுள்ள ரோதாங் கணவாயில் ஏறி, மறுபுறம் லாஹௌல் பள்ளத்தாக்கில் இறங்கின. பனியும் சேறும் நிறைந்த அந்தக் கணவாயில் அரைநாள் கழிந்துவிடும். 2020 அக்டோபர் 3 அன்று அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 9.02 கிலோமீட்டர், பயணத்தில் 46 கிலோமீட்டர் குறைந்தது. 2010இல் பணி தொடங்கி முடியப் பத்தாண்டு ஆயிற்று. சேரி நாளா என்ற ஓடைக்கு அடியில் பாறை நொறுங்கி நீர் புகுந்த பகுதியைக் கடக்க மட்டும் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சுரங்கப்பாதையின் மேல் மலை மிக உயர்ந்திருக்கும் இடத்தில் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் பாறை நிற்கிறது. 3.2 கிலோமீட்டர் பாறையைத் தலைமேல் தாங்கி வேலை செய்த தங்கவயலாருக்கு இந்த எண்ணின் பொருள் நன்றாகத் தெரியும்.

சுரங்கப்பாதையை விட்டு வெளிவந்தால் சந்திரா நதி. டாண்டியில் அது பாகா நதியோடு கூடிச் சந்திரபாகா ஆகிறது. கீழே சமவெளியில் செனாப் என்பதும் இதுவே. டாண்டியில் எரிபொருள் நிரப்பிக்கொள்வது நெடுநாள் வழக்கம். அதற்கப்பால் நெடுந்தொலைவுக்கு ஒன்றும் கிடைக்காது என்ற எச்சரிக்கைப் பலகை அங்கே புகழ்பெற்றது. கீலாங், ஜிஸ்பா, தார்ச்சா என்று பாகா நதியை எதிர்த்துச் சாலை ஏறுகிறது. தார்ச்சாவுக்குப் பின் மரங்கள் மறைகின்றன. சூரஜ் தால் என்ற ஏரியிலிருந்து பாகா பிறப்பதைக் கண்டவுடன் பாரலாச்சா லா கணவாய், 16,040 அடி.

இந்தப் பகுதியில் பனியுருகி வரும் ஓடைகள் பல சாலையின் மேலேயே பாயும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது பிற்பகலில் முழங்காலுக்கு மேல் வந்துவிடும். இரவில் உறைந்து நின்ற பனி, வெயில் ஏற ஏற உருகுவதே காரணம். மலையோட்டுநர்கள் விடியுமுன் புறப்படுவதன் இரகசியம் இதுதான். அதிகாலையில் எழும் பழக்கமுள்ள சாதகர்களுக்கு இது ஒரு நற்பேறு என்றே சொல்லலாம். பத்து மணிக்குப் புறப்படும் குழுவினர் அந்த ஓடைகளின் கரையில் மாலைவரை காத்திருப்பதும் உண்டு.

கணவாயிலிருந்து இறங்கினால் சர்ச்சு சமவெளி, ஏறத்தாழ 14,000 அடி. இமாசலப் பிரதேசமும் லடாக்கும் சந்திக்கும் எல்லை. கூடாரங்கள் இருக்கும்; பெரும்பாலோர் அங்கே இரவு தங்குவர். இந்தச் சாலையில் மிகுதியான துன்பம் நிகழும் இரவு அதுவே. காரணத்தைப் பின்னர்க் காண்போம். சர்ச்சுவுக்கு அப்பால் காட்டா வளைவுகள். இருபத்தொரு கொண்டையூசி வளைவுகளில் சாலை ஒரே மலைச்சரிவில் மடிந்து மடிந்து ஏறுகிறது. பின் நக்கீ லா, லாச்சுங் லா (16,600 அடி), பாங் முகாம். அதன்பின் மோரே சமவெளி. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், நேரான சாலை, இருபுறமும் பழுப்பு மலைகள், நடுவே ஒன்றுமில்லை. பதினைந்தாயிரம் அடிக்கு மேல் இவ்வளவு அகன்ற வெளி இருக்கக்கூடும் என்பதைப் பார்த்தவரே நம்புவர். அதன் முடிவில் தங்லங் லா. பின் ரும்ட்சே, கியா, உப்ஷி. உப்ஷியில் சிந்து நதி. அதன் கரையோடு லே.

காரின் இயந்திரத்துக்கும் இங்கே மூச்சுத் திணறல் உண்டு. டர்போ இல்லாத இயந்திரம் கணவாயின் உச்சியில் தன் வலிமையில் பாதி அளவையே தரும். ஓட்டுநர் கீழ்க் கியரில் பொறுமையாக ஏற்றுவார். பின்னாலிருந்து வண்டியை விரட்டச் சொல்லும் பயணிகளின் மார்பிலும் அதே நேரத்தில் அதே குறை நிகழ்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை.

உடலின் பாதை குறுகவில்லை

அடல் சுரங்கப்பாதையால் சாலை குறுகியது. உடல் உயரத்துக்குப் பழகும் காலம் ஒரு மணிகூடக் குறையவில்லை. இக்கட்டுரையின் நடுப்பொருள் இதுதான்.

உயரத்தை அடைந்தவுடன் மூச்சு வேகமாகிறது, இதயம் விரைகிறது. இது முதற்படி. மிகுதியாக மூச்சு விடுவதால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சரிசெய்ய முதல் சில நாட்களில் சிறுநீரகங்கள் உழைக்கின்றன. அதனால்தான் மேலே சென்றவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்கின்றனர். பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருகுவது மூன்றாம் படி, அதற்கு வாரக்கணக்காகும். இந்தப் படிகளில் ஒன்றையும் மனவுறுதியால் விரைவுபடுத்த இயலாது.

உடல் பழகுமுன் மேலே ஏறினால் வருவது உயர்மலை நோய். ஏறிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். உணவில் வெறுப்பு, குமட்டல், தலைசுற்றல், சோர்வு, உறக்கமின்மை தொடரும். அந்த நிலையில் ஏறாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். பொருட்படுத்தாமல் ஏறினால் இரண்டில் ஒன்று நேரலாம். ஒன்று மூளை வீக்கம்: நடை தள்ளாடும், நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாது, பேச்சு குழறும். மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல்: சும்மா அமர்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், இருமல் வரும், உதடு நீலமாகும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவல்லவை. உடனே கீழே இறக்குவதும் பிராணவாயு அளிப்பதுமே மருந்து. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதை உலகுக்கு விரிவாகக் கற்பித்ததில் இந்திய வீரர்களின் துன்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1962 போரின்போது தாழ்நிலத்திலிருந்து வீரர்கள் இமயத்துக்கு விரைந்து கொண்டுசெல்லப்பட்டனர். எதிரியைக் காணுமுன்பே பலர் இந்நோய்க்கு ஆளாயினர். இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 11,000 முதல் 18,000 அடி வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி 1969ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. அதன் பின்னர் நம் இராணுவம் உறுதியான ஒழுங்கை வகுத்துக்கொண்டது. 9,000 முதல் 12,000 அடி வரையிலான முதற்கட்டத்தில் ஆறு நாட்கள்; 15,000 அடி வரையிலான இரண்டாம் கட்டத்தில் நான்கு நாட்கள்; அதற்கு மேல் மேலும் நான்கு நாட்கள். பயிற்சி பெற்ற இருபத்தைந்து வயது வீரருக்கு இந்த ஒழுங்கு. அறுபது வயதில் இரத்தக்கொதிப்பு மாத்திரையோடு செல்லும் நாம் இரண்டே நாளில் அதே உயரத்தைக் கடந்துவிட எண்ணுகிறோம்!

சாதாரணப் பயணிக்கு மருத்துவர்கள் கூறும் விதி எளியது. பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட, இரவில் எங்கே உறங்கினோம் என்பதே முக்கியம். பத்தாயிரம் அடிக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 1,600 அடிக்கு மேல் கூடலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும். இப்போது சர்ச்சுவின் இரவைப் பாருங்கள். ஜிஸ்பாவில் 10,500 அடியில் உறங்கியவர் மறுநாள் 14,000 அடியில் படுக்கிறார். ஒரே இரவில் 3,500 அடி ஏற்றம். விதி அனுமதிப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். நள்ளிரவில் தலை பிளக்கும் வேதனையோடு கூடாரத்தில் எழுந்து உட்கார்வோர் பலராக இருப்பதில் வியப்பில்லை. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஒரு கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும் என்பது நிலைமையை இன்னும் கடினமாக்குகிறது.

மறைப்பவரே முதலில் வீழ்கிறார்

நம் போன்றோருக்கு இரண்டு எண்ணங்கள் இங்கே தடையாக வருகின்றன. வெளிப்படையாகவே அவற்றைப் பேசிவிடலாம்.

முதலாவது, “நான் நாள்தோறும் பிராணாயாமம் செய்பவன், யோகாசனம் செய்பவன், எனக்கு ஒன்றும் வராது” என்பது. பயிற்சி நல்லதே, அமைதியாக மூச்சுவிடப் பழகியவர் பதற்றமின்றி இருப்பார். எனினும் படிப்படியான ஏற்றத்துக்கு அது மாற்றாகாது. உடற்கட்டு உள்ளவர்க்கு இந்நோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. சொல்லப்போனால் கட்டுறுதியுள்ள இளைஞர்களே தம் வலிமையை நம்பி விரைந்து ஏறி அதிகம் துன்புறுகின்றனர்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. குழுவாகச் செல்லும்போது, “என்னால் மற்றவர் பயணம் தடைப்படக் கூடாது” என்று தலைவலியை மறைப்பது. இது தியாகம் போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் பெரும்பாலும், பலவீனன் என்று பிறர் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமே அதன் வேர். முதல் நாள் தலைவலியைச் சொன்னால் குழு ஒரு நாள் தாமதிக்கும். சொல்லாமல் மூன்றாம் நாள் மயங்கி விழுந்தால் குழு முழுவதன் உயிரும் அந்த மலைப்பாதையில் இரவோட்டத்துக்கு ஆளாகும்.

இங்கே தங்கவயலின் அனுபவம் துணைக்கு வருகிறது. ஆழத்தில் பாறைக்குள் அழுத்தம் தேங்கித் திடீரெனச் சிதறுவதை அங்கே பழைய நாளில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்றனர். அறிவியலார் பாறை வெடிப்பு என்பர். அந்தப் பெரும் வெடிப்புகளால் பலர் மாண்டனர். ஆகவே பாறையின் ஒலியைக் கேட்பது அங்கே ஒரு கல்வியாயிற்று. பின்னாளில் நுண்ணிய அதிர்வுகளைப் பதிவுசெய்யும் கருவிகளைச் சுரங்கத்தில் நிறுவினர். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தோன்றி, இமயமலையின் நீர்மின் திட்டக் குகைகளுக்கும் அந்த அறிவைக் கொண்டு சென்றது. பாறை சிறிதாக முனகும்போதே செவிசாய்க்க வேண்டும் என்பது அந்த ஊர் விலை கொடுத்துக் கற்றது. தலைவலி என்பது உடலின் அந்த முதல் முனகல்.

மலையில் திரும்பி வருவதைத் தோல்வியாகக் கருதுவோர்க்குத் திருநாவுக்கரசர் வரலாற்றை நினைவூட்டலாம். முதிய வயதில் கயிலை காணப் புறப்பட்டவர், பாதம் தேய்ந்தபின் கைகளால் ஊன்றிச் சென்றார், பின் மார்பால் ஊர்ந்தார், பின் உருண்டார். மானிட உடலோடு செல்ல இயலாது, திரும்புக என்று முனிவர் வடிவில் வந்த இறைவன் கூறியும் அவர் மறுத்தார். பின்னர் ஆணை பிறந்தபோது, அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். கயிலைக் காட்சி அவருக்குக் காவிரிக் கரையில் கிடைத்தது. ஆடி அமாவாசை தோறும் திருவையாற்றில் இது விழாவாக நடைபெறுகிறது. இவ்வரலாற்றைப் பிடிவாதத்துக்கு மட்டும் சான்றாகக் காட்டுவோர் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். மறுத்தவர் இறுதியில் ஆணைக்குப் பணிந்தார் என்பதும், பணிந்தபின்னரே காட்சி வாய்த்தது என்பதும் மீதிப் பாதி.

உயரத்தைப் பற்றிய நம் பெருமிதத்துக்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. லே நகருக்கு மேலுள்ள கர்துங் லா கணவாயில் 18,380 அடி என்ற பலகை நெடுங்காலம் நின்றது. இலட்சக்கணக்கானோர் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டனர். பின்னாளைய அளவீடுகள் 17,582 அடி என்றே காட்டின. பலகையில் இருந்த எண்ணூறு அடியை மலை ஒருபோதும் கொண்டிருக்கவில்லை.

சாலையை அமைத்தவர்கள்

இந்தச் சாலைகளைப் பேணுவது எல்லைச் சாலைகள் அமைப்பு. 1960 மே 7 அன்று தோன்றியது. ‘சிரமேண சர்வம் சாத்யம்’, உழைப்பால் அனைத்தும் கைகூடும் என்பது அதன் முத்திரைச் சொல். லடாக்கில் அதன் ஹிமாங்க் பிரிவு 1985 முதல் பணியாற்றுகிறது. 2021இல் உம்லிங் லாவில் 19,024 அடி உயரத்துக்குச் சாலையைக் கொண்டு சென்ற சாதனை அதனுடையது. குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும் மணாலி–லே சாலையை ஒவ்வொரு வசந்தத்திலும் பனிச்சுவர்களை வெட்டித் திறக்கின்றனர்.

அந்த வெட்டுதலில் தங்கவயலுக்கும் பங்கு உண்டு. 1964இல் நிறுவப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனம் தன் மண்வாரி இயந்திரத் தொழிற்சாலையைத் தங்கவயலில் அமைத்தது. எல்லைச் சாலைகள் அமைப்பு பயன்படுத்திய புல்டோசர்கள் பல அங்கே உருவானவை. தந்தை பாறைக்குள் இறங்க, மகன் மலையைச் செதுக்கும் இயந்திரத்தைப் பூட்டிய குடும்பங்கள் அவ்வூரில் உண்டு. இயந்திரத்தோடு முடிவதில்லை. ஜார்க்கண்டின் தும்கா முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஆண்டுதோறும் கோடையில் லடாக் சென்று கல் உடைத்து, தார் காய்ச்சி, சரிந்த மண்ணை அள்ளுகின்றனர். வயிற்றுப்பாட்டுக்காகச் சமவெளியிலிருந்து உடலுக்கு ஒவ்வாத இடத்துக்குச் சென்றவர்கள் அவர்கள். நூறாண்டுக்கு முன் வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்கு மூட்டை முடிச்சோடு சென்றோரின் நிலையும் வேறல்ல. கணவாயின் உச்சியில் கம்பளிக்குள் நடுங்கியபடி நாம் பத்து நிமிடம் நிற்கிறோம். அவர்கள் அங்கேயே நான்கு மாதம் தார்ப்பாய்க் கூடாரத்தில் இருக்கின்றனர். வண்டியை மெதுவாக ஓட்டி, புழுதியை அவர்கள் முகத்தில் வாரி இறைக்காமல் செல்வது நம்மால் இயன்ற குறைந்த அளவு மரியாதை.

புறப்படுவோருக்கு

தங்கவயலிலிருந்தோ தமிழகத்திலிருந்தோ முதன்முறை செல்லும் அன்பர்கள், இயன்றால் ஸ்ரீநகர் வழியாக உள்ளே சென்று மணாலி வழியாக வெளியே வருவது நல்லது. ஸ்ரீநகர் 5,200 அடி, சோனாமார்க் ஏறத்தாழ 9,000 அடி, ஜோஜி லாவை (11,575 அடி) பகலில் கடந்து கார்கிலில் 8,800 அடியில் உறங்கலாம், அதன்பின் லே. ஏற்றம் படிப்படியாக அமைகிறது. லேயில் சில நாள் தங்கி உடல் பழகிய பிறகு மணாலிச் சாலையில் திரும்பினால் சர்ச்சுவின் இரவு அத்தனை கொடியதாக இராது. மணாலி வழியே செல்ல வேண்டியிருந்தால் கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஓரிரவுக்குப் பதில் இரண்டு மூன்று இரவுகள் தங்குங்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லையே என்று ஓட்டுநர் சொல்வார். பாகா நதி இருக்கிறது. நாம் நாள்தோறும் செய்யும் ஜபமும் பாராயணமும் இருக்கின்றன.

தில்லியிலிருந்து விமானத்தில் செல்வோர் ஒன்றரை மணி நேரத்துக்குள் 11,500 அடியில் இறங்குகின்றனர். அவர்கள் முதல் இரண்டு முழு நாட்கள் அறையிலும் அதைச் சுற்றியுமே இருக்க வேண்டும். இறங்கிய அன்றே கர்துங் லாவுக்கு அழைத்துச் செல்வதாகக் கூறும் பயண ஏற்பாட்டை மறுத்துவிடுங்கள். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத இரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் சீட்டு வாங்குமுன் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பலர் பலருக்குப் பரிந்துரைக்கின்றனர். மருத்துவர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவில் மட்டும் உட்கொள்ளுங்கள். முதல் நாட்களில் மதுவும் உறக்க மாத்திரையும் ஆகா. எளிய சூடான உணவு, போதிய நீர். உபவாசம் அனுசரிப்போர் அந்த நாட்களில் அதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

குழுவில் செல்வோர் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் காலையும் மாலையும் கேட்க வேண்டும்: தலை வலிக்கிறதா, உண்டீர்களா, உறங்கினீர்களா? ஐயம் தோன்றினால் தரையில் ஒரு கோட்டைக் காட்டி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் உடனே கீழே இறக்குங்கள். நோயுற்றவரைத் தனியே அனுப்பாமல் ஒருவர் உடன் செல்லட்டும்.

வண்டி ஓட்டுவோர்க்கு இரண்டு. குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வரும் வண்டி வழிவிட வேண்டும். நம் நாட்டுச் சாலை விதி அது. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறுவதற்குப் பயன்படுத்திய கியரிலேயே இறங்குங்கள். தங்லங் லாவின் உச்சியில் கொடிகளைக் கண்டு வணங்கி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நில்லாமல் புறப்பட்டுவிடுங்கள். லேயை நோக்கிச் செல்வோருக்கு அங்கிருந்து ரும்ட்சே வரை ஒரே இறக்கம். ரும்ட்சேயை நெருங்கும்போது சாலையோரத்தில் பார்லி வயல்கள் மீண்டும் தென்படும்.